பனி பெய்யாத ஊரில் பாலன் பிறப்பு: சில மாணவர் கட்டுரைகள் குறித்து

பாடசாலைப் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளை இலக்கிய விமர்சனத்திற்குரிய பொருளாக நம்மவர் எவரும் கொண்டதில்லை. அவை ஆசிரியரின் சிவப்பு மையை வாங்கிக்கொள்வதற்கென்றே பிறந்தவை என்பதும், புள்ளியிட்டபின் கடலை சுற்றுவதற்குப் போவன என்பதும் நம்முடைய பொதுவான எண்ணம். ஆயினும் ஒரு சமுதாயத்தின் இலக்கிய ரசனை எங்கே உருவாகின்றது என்று கேட்பவர், பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபத்திற்குச் செல்லுமுன் ஒன்பதாம் வகுப்பின் தமிழ்க் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பது தகும். எழுதலாம் எனப்படுவது எது, எழுதத்தகாதது எது என்ற தீர்ப்பு முதன்முதலாக வழங்கப்படுவது அங்கேதான். அத்தீர்ப்பை வழங்கும் நீதவான்களுள் நாமும் ஒருவர். ஆகவே இக்கட்டுரையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் யாரென்பதை வாசகர் முடிவிலே தீர்மானித்துக் கொள்ளலாம்.

எம் கையில் இருப்பவை 30க்கு மேற்பட்ட கட்டுரைகள். 2020ஆம் ஆண்டின் திருவருகைக் காலத்தில், அதாவது நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட அக்காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்தை அண்டியதொரு பாடசாலையில் நாம் கொடுத்த தலைப்புக்கு எழுதப்பட்டவை. தலைப்பு: ‘நத்தாரை எதிர்நோக்கி.’ அவ்வாண்டு மார்ச்சிலே கொரோனா நோயினால் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன; இடையிலே திறந்தன; ஒக்டோபரில் மறுபடியும் மூடின. நவம்பர் 23இல் மேல் வகுப்புகள் பல மாவட்டங்களிலே தொடங்கினவாயினும் ஆரம்ப வகுப்புகள் அடுத்த ஆண்டு சனவரிவரை திறக்கவில்லை. தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் பிள்ளைகள் எவ்வகுப்பினராயினும் வர இயலாது. ஆகையால் கட்டுரைகளுட் பெரும்பாலானவை கையடக்கத் தொலைபேசியில் படம்பிடித்து எமக்கு அனுப்பப்பட்டன. சில படங்களில் எழுத்தைவிடப் பெருவிரல் பெரிதாகத் தெரிகின்றது. ஒன்றில் கொப்பியின் ஓரத்தில் மழைத்துளி விழுந்து மை பரந்திருக்கின்றது. இம்மழைத்துளி எம் விமர்சனத்திற்கு மிக முக்கியமான சான்று; அதனைப் பின்னர் கூறுவோம்.

முதலில் கட்டுரைகளைப் படிப்போம். ‘வெண்பனி கொட்டும் இரவு’ என்று தொடங்குபவை எத்தனை! பனி மூடிய கூரைகள், ஊசியிலை மரங்கள், கணப்படுப்பின் அருகே காத்திருக்கும் சிறுவர்கள், கலைமான் பூட்டிய வண்டி, குளிரில் நடுங்கும் ஏழைச் சிறுமி. வாக்கியங்கள் பிழையற்றவை. உவமைகளும் ஒழுங்கானவை. எழுவாயும் பயனிலையும் தத்தம் இடத்தில் அடக்கமாக அமர்ந்திருக்கின்றன. ஐந்தாறு கட்டுரைகளில் ஒரே பந்தி ஒரே சொற்களில் வருகின்றது. அதன் பிறப்பிடம் சந்தையில் விற்கும் ஒரு கட்டுரைக் கையேடு என்பதைக் கண்டறிய நமக்கு அதிக ஆராய்ச்சி தேவைப்படவில்லை. இவற்றுக்கெல்லாம் நாம் நல்ல புள்ளி இட்டோம்.

இப்போது சாளரத்தைத் திறந்து பார்ப்போம். திருகோணமலையிலே மார்கழி என்பது மாரி. வடகீழ்ப் பருவக்காற்று நவம்பரிலிருந்து கொண்டுவரும் மழையே இவ்வூரின் ஆண்டு மழையிற் பெரும்பங்கு. வாடை வீசத் தொடங்கியதும் வெளிக்கடல் கொந்தளிக்கின்றது. கச்சான் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி அமைத்துத் தொழில் செய்தோர் அதற்குமுன்னரே ஊர் திரும்பிவிடுவர். உள்ளூர்க் கடற்றொழிலாளி வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு, உட்துறைமுகத்தின் அமைதியான நீரில் வீச்சுவலையோடு அலைந்து அன்றாடச் செலவுக்கு வழி பார்க்கிறான். கடன் ஏறும் மாதம் அது. அந்த மாதத்தில்தான் திருவருகைக் காலம் வருகின்றது. குருவானவர் ஊதா நிற உடை தரிக்கின்றார். பிள்ளைகள் பாலன் குடிலுக்கு வைக்கோலும் பாசியும் தேடுகின்றனர். பாலையூற்றிலே பறங்கியர் வீடுகளில் பலகாரம் சுடும் மணம் எழுகின்றது. நத்தார் என்ற சொல்லே போர்த்துக்கீசர் நமக்கு விட்டுச்சென்றதுதான். கோணேசர் கோயிலை இடித்தவர்களின் மொழியிலிருந்து வந்த சொல், நான்கு நூற்றாண்டுகளாக இம்மண்ணின் மழையில் நனைந்து தமிழாகிவிட்டது. சொல் தமிழான அளவுக்கு அச்சொல்லைப் பற்றி எழுதும் எழுத்து தமிழாகவில்லை என்பதே எம் குறை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். எம்மோடு கற்பிக்கும் மூத்த ஆசிரியர் ஒருவரே அதனை எழுப்பினார். “மாதக்கணக்காக நான்கு சுவருக்குள் அடைபட்டுக் கிடந்த பிள்ளைக்குப் பனியைக் கனவு காணும் உரிமையும் இல்லையா, தம்பி? நீங்கள் மண்வாசனை மண்வாசனை என்று சொல்லி அதன் மூக்கைப் பிடித்துச் சேற்றில் அமுக்கப் போகிறீர்களா?” என்றார் அவர். இது அலட்சியம் செய்யத்தக்க வாதமன்று. ஈழத்தில் தேசிய இலக்கியம் பற்றிய விவாதம் சூடுபிடித்த அறுபதுகளில், மண்வாசனை என்பதைச் சிலர் ஊர்ப்பெயர்ப் பட்டியலாகவும் வட்டாரச் சொற்களின் கண்காட்சியாகவும் குறுக்கிவிட்டமை உண்மை. கற்பனைக்கு எல்லைக் கல் நாட்டுவது முற்போக்கு இலக்கியத்தின் வேலையன்று.

ஆனால், கற்பனை வேறு, பிரதி வேறு. 1726இல் வீரமாமுனிவர் தேம்பாவணியைப் பாடி முடித்தார். காப்பிய நாயகர் சூசையப்பர், களம் யூதேயா. இத்தாலியில் பிறந்த அவருக்குப் பனி தெரியும். பாலைவன நாட்டின் வரலாறும் தெரியும். அவரோ தமிழ்க் காப்பிய மரபின்படி நாட்டுப்படலமும் நகரப்படலமும் பாடி, யூதேயாவில் தமிழ்நாட்டு மழையைப் பெய்வித்து, தமிழ்நாட்டு வயலை விளைவித்தார். சூசைக்கு வளன் என்று பெயரிட்டார். அந்நியர் ஒருவர் தூர தேசத்துக் கதையை இங்குள்ள நிலத்தில் ஊன்றிக் காட்டினார். மூன்று நூற்றாண்டு கழித்து இங்குள்ள நிலத்திலேயே பிறந்த பிள்ளை, தான் காணாத நிலத்திலிருந்து காணாத பனியை இரவல் வாங்குகின்றது. முன்னதிலே கற்பனை உழைத்திருக்கின்றது. பின்னதிலே உழைத்தது கையேட்டை அச்சிட்ட யந்திரம் மட்டுமே. அந்தப் பிள்ளை கனவு காணவில்லை. கனவு காண்பதாகக் காட்டினால் புள்ளி கிடைக்கும் என்று அறிந்திருக்கின்றது. மூத்தவருக்கு நாம் சொன்ன விடை இதுவே. அவர் முழுதாக உடன்பட்டார் என்று சொல்வதற்கில்லை.

இனி அந்த மழைத்துளிக் கட்டுரைக்கு வருவோம். ஒன்றரைப் பக்கம். எழுதியவள் ஒரு கடற்றொழிலாளியின் மகள். பெயர் இங்கு வேண்டியதில்லை. அவளது கட்டுரையில் பனி இல்லை. வள்ளம் கவிழ்த்து வைத்திருக்கின்றது என்று தொடங்குகிறாள். வீட்டிலே உள்ள ஒரே தொலைபேசி அண்ணனுடையது. அண்ணன் விடியற்காலையில் துறைமுகப் பக்கம் கூலிவேலைக்குப் போகையில் அதுவும் போகின்றது. பகலில் ஆசிரியர்கள் அனுப்பும் பாடங்களெல்லாம் அண்ணனின் சட்டைப்பையில் ‘டிங் டிங்’ என்று விழுந்துகொண்டிருக்கும் என்கிறாள். இரவு அவன் வந்து குளித்துச் சாப்பிட்டபின் தொலைபேசி அவள் கைக்கு வரும். மறைக்கல்வி ஆசிரியை திருவருகைக்கால வளையத்தைப் பற்றி ஒரு காணொளி அனுப்பியிருந்தார்: நான்கு மெழுகுதிரிகள், வாரத்துக்கொன்றாக ஏற்றப்படுவன. இரண்டாவது திரி ஏற்றப்படுகையில் டேற்றா முடிந்துவிட்டது. எங்கள் வீட்டிலே இரண்டு திரிதான் எரிஞ்சது, மிச்சம் ரெண்டும் என்ன நிறமெண்டு தெரியாது என்று எழுதியிருக்கிறாள். பின்னர், நத்தாருக்குக் காத்திருக்கிறதும் அண்ணனுக்குக் காத்திருக்கிறதும் ஒரே மாதிரி இருந்தது என்று ஒரு வரி. அவ்வளவே. முடிவுரை இல்லை.

அவளுக்கு நாம் இட்ட புள்ளி 10க்கு 4.

சிவப்பு மையால் நாம் செய்த திருத்தங்கள் இன்றும் எம் தொலைபேசியில் உள்ளன. ‘எரிஞ்சது’ என்பதை ‘எரிந்தது’ என்றோம். ‘எண்டு’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டோம். ‘டிங் டிங்’ என்பதன் கீழ்க் கோடிட்டு ‘தவிர்க்க’ என எழுதினோம். இறுதியில், ‘முன்னுரை, முடிவுரை இல்லை, தலைப்புக்கு அமையவில்லை’ என்று குறிப்பு. பல்கலைக்கழகத்திலே மரபுப் போராட்டத்தைப் பற்றிப் பாடம் கேட்டவர் நாம். சாதாரண மக்களின் பேச்சைக் கதையில் எழுதியோரைப் பார்த்து, அது இழிசனர் வழக்கு என்று பண்டிதர் சிலர் முகஞ்சுளித்த வரலாற்றையும், அதற்கு எதிராக முற்போக்கு எழுத்தாளர் நடத்திய வாதங்களையும் பரீட்சையிலே பந்தி பந்தியாக எழுதிச் சித்தியெய்தியவர் நாம். அப்போராட்டத்தில் எக்கட்சி வென்றது என்று யாரேனும் கேட்டால் தயங்காமற் சொல்லியிருப்போம். நம் கையிலிருந்த பேனாவோ மற்றக் கட்சியைச் சேர்ந்ததாயிருந்தது!

தலைப்புக்கு அமையவில்லை என்றோமே, உண்மையில் அமைந்தது அது ஒன்றுதான். எதிர்நோக்குதல் என்பது தலைப்பு. பனிக்கட்டுரை எழுதியோர் நத்தாரை வருணித்தனர். எதிர்நோக்குதலை எவரும் எழுதவில்லை. அவள் காத்திருப்பை எழுதினாள். அதற்கு ஒரு காரணத்தையும், அக்காரணத்துக்கு ஒரு பொருளியல் அடிப்படையையும், அவற்றைத் தாங்கும் ஒரு பொருளையும் தந்தாள். அப்பொருள் அண்ணனின் தொலைபேசி.

இவ்விடத்தில் மூதூர் வ. அ. இராசரத்தினத்தை நினையாதிருக்க இயலாது. 1925இல் பிறந்து 2001இல் மறைந்த அவரும் கத்தோலிக்கர், அவரும் ஆசிரியர், கொட்டியாரக் குடாவின் அக்கரையிலிருந்து எழுதியவர். 1962இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற ‘தோணி’த் தொகுதியின் தலைப்புக் கதை, தனக்கென்று ஒரு தோணி வேண்டுமென ஏங்கும் மீனவச் சிறுவனைப் பற்றியது. கடல் எல்லோருக்கும் பொது. தோணி சிலருக்கே சொந்தம். ஆகையால் கடலும் சிலருக்கே சொந்தமாகின்றது என்னும் உண்மையை, ஒரு பிரசங்க வார்த்தையும் இன்றி அக்கதை நமக்கு உணர்த்துகின்றது. நம் மாணவியின் ஒன்றரைப் பக்கத்தையும் இதே ஒழுங்கில் வைத்துப் படிக்கலாம். கல்வி எல்லோருக்கும் பொது. தொலைபேசி அண்ணனுக்குச் சொந்தம். இராசரத்தினத்தின் மற்றொரு நூலுக்கு ‘ஒரு வெண்மணற் கிராமம் காத்துக் கொண்டிருக்கிறது’ என்று பெயர். காத்திருத்தலை இம்மாவட்டத்து எழுத்து முன்னரே அறிந்திருக்கின்றது; பாடசாலைக்குள் அது நுழையவில்லை.

கல்வி எல்லோருக்கும் பொது என்று எழுதியவுடன் கை சற்றுத் தயங்குகின்றது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னின்று கொணர்ந்த இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கத்தின் கீழ்க் கொண்டுவந்தன. இயேசு சபையார் வளர்த்த புனித சூசையப்பர் கல்லூரியும், கன்னியர் வளர்த்த புனித மரியாள் கல்லூரியும் இன்று அரசாங்கப் பாடசாலைகளே. அந்த 1960இன் டிசெம்பரில், அதுவும் திருவருகைக் காலத்திலேதான், நாட்டின் பல இடங்களில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுட் புகுந்து, அவற்றைக் கையளிக்க மறுத்து அங்கேயே தங்கினர். பம்பாய்க் கர்தினால் கிரேசியஸ் வந்து சமரசம் பேசிய பின்னரே அது தணிந்தது. பாடசாலைகளைப் பொதுவாக்கியது சரி என்பதே நம் கட்சி, அதில் ஐயமில்லை. எனினும் அந்தப் பெற்றோர் ஒன்றை அறிந்திருந்தனர்: பாடசாலை என்பது ஓர் இடம். சுவரும் கூரையும் வாங்கும் உள்ள இடம். 2020இல் அவ்விடம் பூட்டப்பட்டபோது, பாடம் மட்டும் காற்றுவழி அனுப்பப்பட்டது. ஏழைப் பிள்ளையும் ஏனையோரும் ஒரே வாங்கில் அமரும் அந்த ஓர் இடம் போனதும், இலவசக் கல்வி எவர் கையொப்பமும் இன்றி, எவர் எதிர்ப்பும் இன்றி, மாதாந்த டேற்றாக் கட்டணமாக உருமாறியது. தொலைக்காட்சியில் ‘குரு கெதர’ நிகழ்ச்சி நடந்தது. அதன் பயனை மறுக்கமாட்டோம். ஆனால் தொலைக்காட்சி கேள்வி கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்வதில்லை. 2021இல் போஹிட்டியாவ என்னும் சிங்களக் கிராமத்திலே பிள்ளைகளும் ஆசிரியர்களும் காட்டுவழியே நடந்து ஒரு பாறையுச்சியில் ஏறி அலைவரிசை தேடிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. இல்லாமைக்கு இனமோ மொழியோ கிடையாது என்பதற்கு அப்படத்தைவிட வேறு சான்று நமக்கு வேண்டுவதில்லை.

மாணவியின் இரண்டு திரிகளுக்கு மீள்வோம். திருவருகைக்கால வளையம் பழைய கத்தோலிக்க வழக்கமென்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். உண்மை வேறு. 1839இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில், வறிய பிள்ளைகளுக்கென ஓர் இல்லம் நடத்திய யொஹான் ஹின்றிக் விஹேர்ன் என்னும் லூத்தரன் போதகர், நத்தார் எப்போது, நத்தார் எப்போது என்று நாள்தோறும் கேட்டு நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளைப் பொருத்தினார். வார நாட்களுக்குச் சிறிய சிவப்புத் திரி. ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரி. கத்தோலிக்கக் கோவில்களுக்குள் அது புகுந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். ஆக, அது முதலிலே ஒரு கற்பித்தற் சாதனம். ஏழைப் பிள்ளைகள் காத்திருப்பதை எண்ணக் கற்பதற்கான கணக்குச் சட்டம். கையில் தொடக்கூடியது, எல்லோரும் சுற்றி நிற்கக்கூடியது, எவருக்கும் கட்டணமில்லாதது. அதனையே ஒரு காணொளியாக்கி அனுப்பியபோது அதன் பயனும் தலைகீழாகிவிட்டது. ஆசிரியையைக் குறை கூறவில்லை; அவர் தம் சொந்தச் செலவிலே மெழுகுதிரி வாங்கி, நள்ளிரவுவரை இருந்து படம்பிடித்தவர்.

அவ்வாண்டு பாலன் பிறப்பு நாடகமும் அவ்வாறே நடந்தது. தத்தம் வீட்டிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் தன் பகுதியைப் பேசிப் படம்பிடித்து அனுப்ப, ஒருவர் அவற்றைத் தொடுத்தார். கலையளவில் அதுபற்றி அதிகம் கூறுவதற்கில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பாராது பேசும் உரையாடல் நாடகமாகாது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்கக் கூத்து விடியவிடிய ஆடப்பட்ட மரபுள்ள நாட்டில் இதனை விரித்துக் கூறவும் வேண்டியதில்லை. நாம் கவனித்தது பாத்திரப் பகிர்வை. நல்ல படக்கருவியும் வெளிச்சமான வீடும் உடையோர் வானதூதராகவும் அரசராகவும் ஆயினர். மங்கலான படம் அனுப்பியோருக்கு இடையர் வேடம். ஒன்றும் அனுப்ப இயலாதோர் நாடகத்தில் இல்லை. அதைப் பார்க்கவும் அவர்களால் இயலவில்லை. லூக்கா எழுதிய கதையிலோ செய்தி முதன்முதலாகச் சென்றது இரவிலே கிடைகாத்துக் கிடந்த இடையருக்கு! அந்தக் கதையை ஆண்டுதோறும் நடிக்கும் பாடசாலையில் இம்முரண் எவர் கண்ணிலும் படவில்லை. எம் கண்ணிலும் அன்று படவில்லை என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை.

2021இல் மறுபடியும் ஏப்பிரல் இறுதியிலிருந்து பாடசாலைகள் மூடின. ஆசிரியர் சம்பளப் போராட்டத்தினால் சூலை 12 முதல் நிகழ்நிலை வகுப்புகளும் நின்றன. அப்போராட்டம் நியாயமானது என்பதே நம் கருத்து. ஆனால் அதன் மாதங்களும் பிள்ளைகளின் கணக்கிலேதான் எழுதப்பட்டன. ஒக்டோபரிலிருந்து வகுப்புகள் படிப்படியாகத் திறந்து, இறுதியாக ஆறு முதல் ஒன்பது வரையான வகுப்புகள் நவம்பர் 22இல் திறந்தன. மறுநாள், நவம்பர் 23 காலை, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்தமையால் மக்களை ஏற்றியிறக்கிய படகுப்பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறார் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தனர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பாடசாலை திறக்கும் நாளுக்காகக் காத்திருந்த பிள்ளைகள். அடுத்த ஞாயிறு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு.

அவ்வாண்டும் அதே தலைப்பைக் கொடுத்தோம். இம்முறை வகுப்பறையிலே, கொப்பியிலே. பனி பெய்யத்தான் செய்தது, முன்னிலும் சற்றுக் குறைவாக. ஒரு மாணவன் மட்டும், திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று கோவிலில் வாசிக்கப்பட்ட நற்செய்திப் பகுதியைப் பற்றி எழுதியிருந்தான். ஆண்டவரின் வழியை ஆயத்தம் செய்யுமாறு யோவான் பாலைவனத்தில் கூவிய பகுதி அது. நம் பக்கத்திலே ஆற்றைக் கடக்கும் மிதவைக்கும் பாதை என்றே பெயர். ‘பாதையைச் சரியாகக் கட்டாமல் விட்டபடியால்தான் கிண்ணியாப் பிள்ளைகள் செத்தவை’ என்பது அவன் வாக்கியம். குருவானவர் அப்படி விளக்கவில்லை. கையேட்டிலும் அது இல்லை. சமயத்தால் வேறாகிய அயலூர்ப் பிள்ளைகளின் மரணத்தைத் தன் வேதவாசகத்தினுள்ளே கேட்டிருக்கிறான் அவன். ‘செத்தவை’ என்பதை நாம் திருத்தவில்லை. ‘இறந்தனர்’ என்று எழுதப் பேனாவை எடுத்து, எடுத்தபடியே வைத்துவிட்டோம்.

பாடசாலையின் நத்தார் மலருக்கு இரண்டு கட்டுரைகளை நாம் பரிந்துரைத்தோம்: இவனுடையதும், முன்னைய ஆண்டின் அந்த மாணவியினுடையதும். தேர்வுக் குழுவிலே எமக்கு ஒரு வாக்கு இருந்தது. மலரில் வெளிவந்தது ‘வெண்பனி கொட்டும் இரவு.’

அந்த மாணவியிடம் நாம் பின்னொரு நாள் கொப்பியைக் கேட்டு வாங்கினோம், புள்ளியைத் திருத்துவதற்காக. அவள் விளங்காமற் பார்த்தாள். “அது போன வருசத்துக் கொப்பி சேர். அம்மா அடுப்பு மூட்ட எடுத்திட்டா” என்றாள். படம் மட்டும் எம்மிடம் இருக்கின்றது, மழைத்துளியோடு.